சோலி என்றொரு சொல்

பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். காலையிலிருந்து தொட்டியில் கல் வெந்து கொதிக்கிற சத்தம் கேட்கிறது. தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்தச் சூடான வாசனை அட்டுவம்பட்டிக் குளிரில் தெரு முழுக்க நிற்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறாளாம் வீட்டுக்கார அம்மாள். அவளுக்குச் சந்தோஷம். நான் சன்னலைச் சாத்தினேன், இடுக்கில் துணியை அடைத்தேன். ஒன்றும் பயனில்லை. சரி, உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் தம்பியின் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. மஞ்சள் காமாலை என்று தெரிந்து மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாக எழுதியிருந்தான். "அக்கா கடைசி நாட்களில் உங்களைப் பற்றி அடிக்கடி பேசினாள்" என்று ஒரு வரி. என்ன பேசினாய் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் என்னைத் தின்கிறது. நீ என்ன பேசியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று பயப்படுகிறேன்.

வடகவுஞ்சிக்கு மேலே, குதிரைத் தடத்தில் இரண்டு மணி நேரம் ஏறினால் வருகிற அந்த ஊருக்கு நீ வந்து ஏழு வருஷம் ஆகிறது. அப்போது நான் அங்கே கிராம சேவிகா. எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி பி.டி.ஓ.வுக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை பிறந்திருந்தது. படித்த ஓவியர் ஒருவர் ஒரு வருஷம் கிராமத்திலேயே தங்க வேண்டும். புதிதாகக் கட்டிய சமுதாயக் கூடத்தின் நீளச் சுவரில், ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு படம் வரைய வேண்டும். நன்றாக நடந்தால் இன்னும் நாலு மலைக் கிராமங்களுக்கு நாலு கலைஞர்கள் வருவார்கள், உனக்கும் அடுத்த ஊர் கிடைக்கும். நடக்காவிட்டால் அத்தோடு சரி. இதை அவர் உன்னிடமும் சொல்லியிருந்தார், என்னிடமும் சொல்லியிருந்தார். "பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேரும் என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

நீ மட்டக்குதிரை மேல் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, கான்வாஸ் செருப்போடு பின்னால் நடந்து வந்தாய். ஒரு பருத்திப் போர்வைதான் கொண்டுவந்திருந்தாய். மெட்ராஸில் அது கம்பளிக்குச் சமமாம்! முதல் வாரம் உன்னை "நீங்க" என்றேன். என் கம்பளியைப் பாதியாகப் பங்கிட்டுப் படுத்த பிறகு மரியாதை தானாகக் கழன்றுவிட்டது. எனக்கு வயது இருபத்து நாலு, உனக்கு இருபத்து ஆறு. இரண்டு பேரும் கல்யாணத்தை இழுத்தடித்துக்கொண்டிருந்தோம். இந்த வேலை போனால் நான் அய்யம்பாளையத்துக்குத் திரும்பித் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதை நீ மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

முதல் மாதம் சுவர்ப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. படம் எழுதிச் சர்க்காருக்கு அனுப்பி, பட்டா இல்லாத நிலத்தையெல்லாம் காட்டு இலாகாவுக்குப் பிடுங்கிக் கொடுக்கப் போகிறாய் என்று பேச்சு. நீ அலட்டிக்கொள்ளவில்லை. பூண்டு வயல்களில் போய் அவர்களோடு களையெடுத்தாய். செம்மண்ணையும் மஞ்சள் மண்ணையும் அள்ளிவந்து, பெண்களிடமே கொடுத்து அரைக்கச் சொன்னாய். அடுப்புக்கரியை வீடு வீடாகக் கேட்டு வாங்கினாய். இரண்டாம் மாதம் பெண்கள் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஆண்கள் வந்து, பெண்கள் வரைந்த பூண்டுத்தாள் வளைவு சரியில்லை என்று சண்டை போட்டார்கள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது நீ, "சண்டை வந்துடுச்சு, இனிமே சுவர் அவங்களுது" என்றாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊரில் உன் பெயர் 'படக்காரம்மா'. நீ அவர்கள் பேச்சைப் பேச ஆசைப்பட்டாய். வாத்தியார் வேலை எனக்கு. காலையில் சீக்கிரம் என்று சொல்லாதே, வெள்ளனே என்று சொல். வேகமாக வா அல்ல, வெரசா வா. கிளம்பும்போது போறேன் என்று சொல்லவே கூடாது, வாறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை என்றால் சோலி. நீ இந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய். வழியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "என்ன சோலி? சோலி முடிஞ்சுச்சா?" அவர்களுக்கு உன்னைப் பிடித்துப் போனதில் பாதிப் பங்கு அந்தச் சொல்லுக்கு உண்டு.

ஒருநாள் தபால்காரர் வந்து எனக்கு ஒரு கவரைக் கொடுத்துவிட்டு நின்றார். நீ ரொம்ப மரியாதையாக, "அண்ணே, உங்க சோலி முடிஞ்சுருச்சு, கிளம்புங்க" என்றாய். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். "ஏண்டி சிரிக்கிறே?" என்று நீ பின்னாலேயே வந்தாய். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. 'சோலி முடிஞ்சுச்சா?' என்று கேட்டால் வேலை முடிந்ததா என்று பொருள். ஒரு ஆளைப் பார்த்து 'உன் சோலி முடிஞ்சுருச்சு' என்று சொன்னால், உன் கதை முடிந்தது, நீ செத்தாய் என்று பொருள். அடிதடிக்கு நிற்கிறவர்கள் சொல்கிற வார்த்தை அது. எங்கள் பக்கம் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். அன்றே சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு பேரிடம் நீ அப்படிச் சொல்லி நான் சிரிக்க வேண்டும் என்ற அற்பத்தனத்தில் சொல்லாமல் விட்டேன். இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியாயிற்று. ஆனால் கதை இதோடு நிற்கவில்லையே.

கருப்பணன்தான் தன் உருவத்தை வரையச் சம்மதித்த முதல் ஆள். ஊரிலேயே பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். முதுகில் பூண்டு மூட்டையோடு குனிந்து ஏறுகிற மாதிரி அவரை நீ வரைந்தாய். எட்டு நாள் சாயங்காலம் காட்டிலிருந்து நேரே வந்து, வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உனக்காகக் குனிந்து நின்றார். "தாயி, நெசமாலுமே மூட்டை தூக்குனாக்கூட இம்புட்டு வலிக்காது" என்று முனகுவார். அவர் மனைவி பொன்னுத்தாயி எட்டு மாதக் கர்ப்பிணி. சுவரோரம் உட்கார்ந்து, மூக்கு பெரிதாகிவிட்டது, காது சின்னதாகிவிட்டது என்று உனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள் கண்ணை வைத்தாய். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சுவரில் அப்படியே அவர்தான் நின்றார். நீ பிரஷைக் கழுவிவிட்டுத் திரும்பி, ஊரே கேட்கும்படி, பெருமையாகச் சொன்னாய்:

"கருப்பண்ணே, உங்க சோலி முடிஞ்சுருச்சு. இனி நீங்க போகலாம்."

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கருப்பணன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பொன்னுத்தாயி கையை ஊன்றி எழுந்து, அவர் தோளிலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு போனாள். "என்ன ஆச்சு? மூக்கு பிடிக்கலையா?" என்று நீ என்னைக் கேட்டாய். "அவளுக்கு மேலுக்கு முடியல போல" என்று புளுகினேன்.

நாலாம் நாள் கருப்பணனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் மார்புச்சளி கட்டி மூச்சு இழுத்தது. டோலி கட்டிப் பெருமாள்மலை வரை தூக்கிப்போய், அங்கிருந்து லாரியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மழைத் தூறலில் டோலி வளைவில் மறைகிற வரைக்கும் பொன்னுத்தாயி நின்றாள். நிறைமாத வயிற்றோடு அவளால் அந்த இறக்கத்தில் இறங்க முடியாது. அவள் திரும்பி நேரே சமுதாயக் கூடத்துக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது. நாலு ஆண்கள் கையில் சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் இருந்தன.

"வாக்கு பலிச்சிருச்சுல்ல? நெனச்சத சாதிச்சிட்டேல்ல?" என்றாள்.

உனக்கு ஒன்றும் புரியவில்லை. வாளி வைத்திருந்த மாரியப்பன்தான் சொன்னார். "ஏம்மா, நல்லாருந்த மனுசன நிக்க வச்சு, கண்ணத் தொறந்து, உன் சோலி முடிஞ்சுருச்சு, போலாம்னு சொன்னா என்னம்மா அர்த்தம்? செத்துப் போன்னுதான அர்த்தம்?"

உன் முகம் வெளுத்துப்போனது. நீ என் பக்கம் திரும்புவாய் என்று எதிர்பார்த்தேன். தபால்காரரும் என் முந்தானையும் அந்த நொடியில் உனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நீ திரும்பவே இல்லை.

"சத்தியமா எனக்கு அந்த அர்த்தம் தெரியாது" என்றாய்.

"தெரியாமத்தான் பேசுனியா? யாரு சொல்லிக் குடுத்தா இந்தப் பேச்ச உனக்கு? அவ பேரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்றாள் பொன்னுத்தாயி.

நான் உன்னிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய்நீளம் என்று வீட்டில் பேரெடுத்தவள் நான். அன்று வாயில் கொழுக்கட்டை. பேர் வெளியே வந்தால் ஊர் என்னைத் துரத்தும், ஆபீஸ் என்னைத் திருப்பி அனுப்பும், மாமன் வீட்டில் பந்தக்கால் நடுவார்கள். இதையெல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக யோசிக்க முடிந்தது என்பதுதான் கேவலம்.

"யாரும் சொல்லித் தரலை. நானாக் கேட்டுக் கத்துக்கிட்டேன்" என்றாய் நீ.

மாரியப்பன் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். பெண்கள் எழுதிய பூண்டுத்தாள், ஆண்கள் எழுதிய குதிரைகள், ஐந்து மாத உழைப்பு எல்லாம் ஒரு வாளியில் போகப் போகிறது. நீ சுவருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாய். "படத்தை முழுசா அழிச்சா அவரையும் அழிச்ச மாதிரி ஆகாதா?" என்றாய். மாரியப்பன் கை அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அந்தப் பயம் அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அப்ப முடிஞ்சத முடியலன்னு ஆக்கு. நீதான் முடிச்ச, நீயே அவுத்து விடு" என்றாள் பொன்னுத்தாயி.

நீ மூலையில் கிடந்த கொத்தனார் கரண்டியை எடுத்தாய். கருப்பணனின் பாதத்தருகே வைத்தாய். "ஐயோ! கால எடுத்தா எப்பிடி நடந்து வருவாரு?" என்று அலறினாள். கரண்டி கைக்குப் போனது. "கை இல்லாம எப்பிடித் திம்பாரு?" கரண்டியைப் பின்னுக்கு எடுத்தாய். நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. அவரில் எதை எடுத்தாலும் அவள் அலறுவாள், எடுக்காமல் விட்டால் வாளி காத்திருக்கிறது.

பொன்னுத்தாயிதான் கடைசியில் குரல் உடைந்து சொன்னாள். "மூட்டைய எறக்கு. மனுசனுக்கு மூச்சுத் திணறுது. மூட்டைய எறக்கி விடு."

நீ அந்தப் பூண்டு மூட்டையைச் சுரண்டினாய். காரையோடு பெயர்ந்து விழுந்தது. எட்டு நாள் நுணுக்கி நுணுக்கி வரைந்த சாக்கின் ஒவ்வொரு இழையும் தரையில் தூளாகக் கிடந்தது. குனிந்த வெறும் முதுகோடு கருப்பணன் சுவரில் நின்றார். "இவருக்கு இன்னும் மூட்டை ஏத்தலை. இவர் சோலி முடியலை" என்றாய்.

"முடியலைன்னு சொல்லாதீங்க. சோலி கெடக்குன்னு சொல்லுங்க" என்றார் மாரியப்பன். அவர் குரல் தணிந்திருந்தது.

"சோலி கெடக்கு" என்றாய். பொன்னுத்தாயி மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னாய். மூன்றாம் தடவை சொன்னபோது நீ அழுதுகொண்டிருந்தாய். அவளும்தான்.

அதன் பிறகு நாலு நாள் சேதி இல்லை. வாளி கூடத்து வாசலிலேயே இருந்தது. அவர் போய்விட்டார் என்று சேதி வந்தால் சுவருக்கு வெள்ளை, உனக்கு மலையிறக்கம் என்று பேச்சு. நீ ஓடிப்போகவில்லை. தினமும் போய் அந்தச் சுவரடியில் உட்கார்ந்தாய். பொன்னுத்தாயியும் வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குத்தான் நான் லாயக்காக இருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் குதிரைக்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "கஞ்சி குடிச்சிட்டாரு! எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு!" பொன்னுத்தாயி உன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அன்று சாயங்காலம் உனக்கு அவள் வீட்டில்தான் சோறு.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். கருப்பணன் திரும்பி வருவதற்குள் விஷயம் பி.டி.ஓ. காதுக்குப் போய்விட்டது. என்னிடம் அறிக்கை கேட்டார். ஒரு பக்கம் எழுதினேன். 'ஓவியருக்கு வட்டாரப் பேச்சுவழக்கில் போதிய பழக்கம் இல்லாமையால் ஊரில் கலகம் மூளும் நிலை ஏற்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கீழே கையொப்பமிட்டேன். ஊர் சமாதானமாகிவிட்டது, உனக்குச் சோறு போடுகிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன். பத்து நாளில் உன்னைத் திருப்பி அழைத்து உத்தரவு வந்தது. மற்ற நாலு ஊர்த் திட்டமும் அதோடு மூடப்பட்டது. "ஊரே கெஞ்சுதே, ஏன் அனுப்புறாங்க?" என்று நீ என்னைக் கேட்டாய். "மேலே என்ன நினைக்கிறாங்களோ, யாருக்குத் தெரியும்" என்றேன்.

மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூஜாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தாய். இன்னொரு சுவர் உனக்குக் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும், "கருப்பண்ணன் முதுகில் மூட்டையை ஏற்றாமல் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்பாய். வைத்திருக்கிறார்கள் என்று எழுதுவேன். வானிலை எழுதுவேன், பூண்டு விளைச்சல் எழுதுவேன். நான் பதவி உயர்ந்து முக்கிய சேவிகா ஆனதையும் எழுதினேன். நீ சந்தோஷப்பட்டு நாலு பக்கம் பதில் போட்டாய்.

போன வாரம் மலை மேல் அந்த ஊருக்குப் போனேன். யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? கூடத்து வாசலில் கருப்பணனும் பொன்னுத்தாயியும் பூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ இல்லை என்று சொன்னேன். கருப்பணன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "அடக் கடவுளே, சின்ன வயசாச்சே" என்றார். பொன்னுத்தாயி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லைக் கொடுத்தது, பொருளை மறைத்தது, அறிக்கை, ஒன்றுவிடாமல்.

பொன்னுத்தாயி கோபப்படுவாள் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறும் என்றுகூட இருந்தது. அவள் நிதானமாகக் கேட்டாள்.

"இத அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அன்னிக்கு நான் பேரு கேட்டப்ப அவங்க ஒங்க பேரச் சொல்லலியே."

"சொல்லல."

"பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

அவள் பூண்டுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போயிட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. வயலுக்கு இறங்கிப் போய்விட்டாள். கருப்பணனும் துண்டை உதறிக்கொண்டு அவள் பின்னால் போனார்.

இங்கே எல்லோரும் இன்னும் என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆபீஸில் பெயர்ப்பலகை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நாற்காலியில் உட்காரும்போது அதைப் பார்க்கிறேன். அன்று நீ சொல்லாமல் விட்ட பெயர் அது.